சிவப்புப் பொத்தானை அவர் ஏன் அழுத்தவில்லை

மேலே எழுதப்பட்டுள்ள பெயரும் முகவரியும் என்னுடையவைதான். எனக்கு நாற்பத்தோரு வயது ஆகிறது. பெயர்ப்பலகை எழுதுவது என் தொழில். எங்கள் தெருவில் பலகைக்காரம்மா என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். கீழ்வீட்டில் நானும் என் கணவரும் குடியிருந்து வருகிறோம். மாடியில் என் கணவரின் அக்கா, அதாவது என் நாத்தனாரும், என் கணவரின் தம்பி, அதாவது என் கொழுந்தனும் இருக்கிறார்கள். என் கணவர் மரவேலை செய்பவர். என் கொழுந்தன் லிஃப்ட் மெக்கானிக். தாய் தகப்பன் இல்லாத இந்த இருவரையும் வளர்த்து ஆளாக்கியவர் என் நாத்தனார்தான். இந்த வழக்கில் புகார் கொடுத்திருப்பவரும் அவர்தான். கையில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் இருப்பவர் என் கணவர். வேண்டுமென்றே அவர் கையை நசுக்கியதாக, இன்ஸ்பெக்டர் ஐயா, தாங்கள் பிடித்து வைத்திருப்பது என் கொழுந்தனை. என் நாத்தனார் வாசற்படியில் நின்று பார்த்தார். நான் உள்ளே, இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவர் பார்த்ததாகச் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனால் அதற்கு அவர் எடுத்துக்கொண்ட அர்த்தம் தவறு என்பதைச் சொல்லவே நான் வந்திருக்கிறேன்.

எங்கள் வீட்டின் பின்புறம் தகரக் கூரை போட்ட பட்டறை ஒன்று உள்ளது. அதில் நாங்கள் மூவரும் சேர்ந்து, மரப்பலகையில் எழுத்து வெட்டித் தரும் சி.என்.சி. ரவுட்டர் என்கிற இயந்திரத்தைச் சொந்தமாகச் செய்து வந்தோம். கட்டில் அளவுக்கு ஒரு மேஜை, அதன் இரண்டு ஓரமும் தண்டவாளம், அந்தத் தண்டவாளத்தில் முன்னும் பின்னும் ஓடும் ஒரு குறுக்குப் பாலம், பாலத்தின் மேல் இடமும் வலமுமாக ஓடும் வெட்டும் தலை, அந்தத் தலை மேலேறிக் கீழிறங்கும். கணினியில் எழுத்தை வரைந்து கொடுத்தால் மோட்டார்கள் திருகுத்தண்டுகளைச் சுழற்றித் தலையை அந்த எழுத்தின் வழியே நடத்தும். மரமும் சட்டமும் என் கணவர் வேலை, மோட்டாரும் மின்சாரமும் என் கொழுந்தன் வேலை, மெல்லிய ஒயர்களைப் பற்றவைத்தது நான். அவர்கள் இருவர் விரலும் வாழைத்தண்டு மாதிரி இருக்கும் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது.

இந்த இயந்திரத்துக்குக் கண் கிடையாது என்பதைத் தாங்கள் முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சுவிட்சைப் போட்டவுடன் தன் தலை மேஜையின் எந்த இடத்தில் நிற்கிறது என்றே அதற்குத் தெரியாது. அதற்காக ஒவ்வொரு ஓட்டத்தின் கடைசியிலும் பட்டாணி அளவு பொத்தான் வைத்த சுவிட்ச் ஒன்றைப் பொருத்துகிறோம். லிமிட் சுவிட்ச் என்பது அதுதான். வேலை தொடங்கும் முன் இயந்திரம் அந்த மூலையைத் தேடிப் போகும். போய் முட்டும். முட்டியவுடன் நின்று, ஒரு விரற்கடை விலகி, திரும்பவும் மிக மெதுவாக வந்து இன்னொரு முறை தொட்டு, இதுதான் என் இடம் என்று நிச்சயப்படுத்திக்கொள்ளும். அதற்கு ஹோமிங் என்று பெயர். அங்கிருந்துதான் மற்ற எல்லாக் கணக்கும். இருட்டில் எழுந்தவர் சுவரைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிற மாதிரிதான்.

இந்த சுவிட்சுகளே வேண்டாம் என்று என் கணவர் சொன்னார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கும் மனிதர் அவர். நம் கண் பார்த்துக்கொள்ளும்போது இந்த உப்புக்குச் சப்பாணி எதற்கு என்று கேட்டார். என் கொழுந்தன் விடவில்லை. அதன் பிறகு சுவிட்ச் வைப்பது என்று முடிவாகி, அதை எப்படி இணைப்பது என்பதில் அடுத்த சண்டை வந்தது. சுவிட்ச் அழுந்தினால் மின்சாரம் ஓட வேண்டும் என்றார் என் கணவர். வீட்டு மணி அப்படித்தானே அடிக்கிறது என்றார். என் கொழுந்தன் நேர்மாறாகச் சொன்னார். எப்போதும் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், சுவிட்ச் அழுந்தினால் அது நிற்க வேண்டும் என்றார். லிஃப்டில் அப்படித்தானாம். இரவுக் காவலாளியின் விசில் கேட்டுக்கொண்டிருக்கும் வரை தெருவே தூங்குகிறது, விசில் நின்றால்தான் எழுந்து பார்க்கிறோம் என்று எனக்கு விளக்கினார். அவர் முறையில் ஒயர் எங்காவது அறுந்தாலும் விசில் நின்ற கணக்குத்தான். அதாவது சுவிட்ச் அழுந்தியதாகவே இயந்திரம் எடுத்துக்கொள்ளும். தாங்கள் இந்த ஒரு விஷயத்தைத் தனியாகக் கோடிட்டுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கடைசியில் அவர் சொன்னபடியே நான் பற்றவைத்தேன்.

அந்தச் சண்டையின்போது என் கொழுந்தன் என் கணவரைப் பார்த்து, "உனக்கு ஒரு நாள் கை நசுங்கினாத்தான் புத்தி வரும்" என்று சொன்னது உண்மை. மாடியில் இருந்த என் நாத்தனார் காதில் அது விழுந்ததும் உண்மை. இதை நான் மறைக்கவில்லை. ஆனால் அண்ணனும் தம்பியும் அந்தப் பட்டறையில் பேசிக்கொண்டதை எல்லாம் வழக்காகப் போட்டால் தங்கள் நிலையத்தில் தாள் போதாது. காலையில் எலியும் பூனையுமாக இருப்பவர்கள் மத்தியானம் ஒரே தட்டில் கை வைத்திருப்பார்கள்.

முதலில் இரண்டு சுவிட்சுகளை மட்டும் பொருத்தினோம். பின்பக்கத்துக்கான மூன்றாவது சுவிட்சை மாட்டும் தகடு சரியாக அமையாமல் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. அதனால் வெகு நாட்களாக ஹோமிங் என்றால் தலை மேலே ஏறும், பிறகு இடப்பக்கம் போய் இரண்டு முறை தொடும், அதோடு முடிந்தது. பாலம் நகரவே நகராது. என் கணவரின் கண்ணும் கையும் அதற்குப் பழகிப்போயின. மூன்றாவது சுவிட்சை என் கொழுந்தன் பொருத்தியது சம்பவத்தன்று காலையில்தான். அதன் பிறகு தலை ஏறி, இடப்பக்கம் தொட்டு முடித்ததும், மூன்றாவதாகப் பாலம் பின்பக்கம் போய்த் தொடத் தொடங்கியது. என் கணவரும் அருகில் நின்று அதைப் பார்த்தார்.

அதன் பிறகு என் கொழுந்தன் ஒரு சோதனை செய்து காட்டினார். இது வழக்குக்குத் தேவையா என்று தங்கள் எழுத்தர் கேட்டார். தேவைதான், எழுதிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். வெட்டும் தலையில் கத்திக்குப் பதில் என்னுடைய கூர்பென்சிலைக் கட்டி, மேஜையில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, ஹோமிங் முடித்து, ஓரிடத்தில் பென்சிலை இறக்கி ஒரு புள்ளி வைக்கச் செய்தார். பிறகு மின்சாரத்தை நிறுத்தினார். திருகுத்தண்டுகளைக் கையால் சுழற்றிப் பாலத்தையும் தலையையும் கண்டபடி இடம் மாற்றச் சொன்னார். நானும் என் கணவரும் போட்டி போட்டுக்கொண்டு சுழற்றினோம். மறுபடி மின்சாரம் போட்டார். இயந்திரம் மேலே ஏறி, இடப்பக்கம் தடவி, பின்பக்கம் தடவி, தன் மூலையைக் கண்டுபிடித்துக்கொண்டு, அங்கிருந்து நடந்து வந்து பென்சிலை இறக்கியது. தாளில் ஒரே ஒரு புள்ளிதான் இருந்தது. இரண்டாவதாக வைத்த புள்ளி எங்கே என்று என் கணவர் தேடினார். அது முதல் புள்ளியின் மேலேயே உட்கார்ந்திருந்தது.

திரும்பவும் செய்யச் சொன்னேன். திரும்பவும் அதே புள்ளி. பிறகு நான் கேட்கக் கேட்கச் செய்து காட்டினார். நான் குனிந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். புள்ளி கொஞ்சம் கருத்திருந்ததே தவிர, பெருக்கவில்லை. பிழைப்புக்காகத் தூரிகை பிடிக்கும் எனக்கு, வைத்த இடத்திலேயே இன்னொரு முறை தூரிகையை வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். மூச்சை அடக்கி வைத்தாலும் மயிரிழை தப்பும். கண்ணே இல்லாத ஒன்று, வெறுமனே தொட்டுத் தொட்டு, எத்தனை முறை கலைத்தாலும் அதே இடத்துக்கு வந்து நிற்கிறது. சொல்ல வெட்கமில்லை, கண் கலங்கியது. என் கணவர் தம்பியின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். அவர் பாராட்டும் விதம் அது. அண்ணன் கையை நசுக்கத் திட்டம் போட்டிருந்தவர் அந்த அடியை வாங்கிக்கொண்டு அப்படிச் சிரித்திருக்க முடியாது.

அதன் பிறகு மத்தியானச் சாப்பாடு முடிந்து பட்டறைக்குத் திரும்பினோம். இடப்பக்க சுவிட்சின் திருகு லேசாக ஆடுகிறது என்று என் கணவர் ஆலன் கீ என்கிற சின்னத் திருகுச்சாவியால் அதை முடுக்கினார். முடுக்கிவிட்டு அந்த ஆலன் கீயைப் பாலத்துக்குப் பின்னால், மேஜையின் பின்சட்டத்தை ஒட்டி வைத்தார். என் கொழுந்தன் மேஜையின் பின்மூலையில் நின்று மூன்றாவது சுவிட்சின் ஒயரைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தும் சிவப்புப் பொத்தான் அவருடைய இடது கைக்குப் பக்கத்தில் இருந்தது. நான் என் கணவருக்கு எதிர்ப்புறம் நின்றேன். வெட்டும் தலையில் கத்தி இல்லை, அது சுழலவும் இல்லை.

அதன் பிறகு ஹோமிங் பொத்தானை அழுத்தியவர் என் கணவர்தான். என் கொழுந்தன் அழுத்தவில்லை. முடுக்கிய சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பார்க்க, தலை அது வரை வந்து சேரக் காத்திருக்காமல் விரலாலேயே சுவிட்சை அழுத்தி இயந்திரத்தை ஏமாற்றிப் பார்ப்பது எங்கள் வழக்கம். அப்படியே செய்தார். தலை மேலே ஏறியது, இடப்பக்கம் கிளம்பியது, அவர் விரலால் அழுத்தினார், நின்றது, விலகியது, மெதுவாக வந்தது, மறுபடி அழுத்தினார், நின்றது. அவர் கணக்கில் அதோடு வேலை முடிந்தது. அன்று காலையில்தான் மூன்றாவது சுற்று சேர்ந்தது என்பதைக் காலையில் பார்த்த கண் மறந்துவிட்டது. பழகிய கை பழகியபடி நடந்துகொண்டது. ஆலன் கீயை எடுக்கப் பாலத்துக்கும் பின்சட்டத்துக்கும் நடுவில் கையை நீட்டினார்.

பாலம் பின்பக்கம் கிளம்பியது. ஆள் நடக்கும் வேகம்தான். ஆலன் கீயைப் பிடித்த கை வெளியே வருவதற்குள் மணிக்கட்டு பாலத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. என் கணவர் கத்தவில்லை. வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. கை தடுத்ததால் பாலம் சுவிட்சைத் தொட முடியவில்லை. தொடாததால் இன்னும் மூலை வரவில்லை என்று நினைத்து மோட்டார் உறுமிக்கொண்டு தள்ளிக்கொண்டே இருந்தது. கத்தியது நான். அந்தச் சத்தம் கேட்டுத்தான் என் நாத்தனார் மாடியிலிருந்து ஓடி வந்து வாசற்படியில் நின்றார்.

அவர் பார்த்தது இது. என் கொழுந்தனின் இடது கை சிவப்புப் பொத்தானுக்கு மேல் போனது. அங்கேயே நின்றது. அழுத்தவில்லை. கையை எடுத்துவிட்டார். எடுத்த கையால் மூன்றாவது சுவிட்சுக்குப் போகும் ஒயரைப் பிடித்து வேரோடு பிடுங்கினார். இவ்வளவையும் நானும் பார்த்தேன். என் நாத்தனார் கூப்பிட்டுத் தாங்கள் வந்தபோதும் அந்த ஒயர் அவர் கையில்தான் இருந்தது. நிறுத்தும் பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, அதை விட்டுவிட்டுப் பாதுகாப்பு ஒயரைப் பிடுங்கியிருக்கிறார் என்று பார்க்கிற யாருக்கும் தோன்றும். அவரை வளர்த்த அக்காவுக்கே தோன்றிவிட்டது.

வாசற்படி வரை கேட்காத ஒன்று எனக்குக் கேட்டது. ஒயரைப் பிடுங்குவதற்கு முன்பு, பிறகல்ல, முன்பு, என் கொழுந்தன் என்னைப் பார்த்துச் சொன்னார்: "அண்ணி, அண்ணன் கையைப் பிடிச்சுக்கோங்க. இப்ப விலகும்."

நான் பிடித்துக்கொண்டேன். அவர் பிடுங்கினார். பாலம் நின்றது. நின்று, ஒரு விரற்கடை விலகியது. நான் கையை இழுத்தேன், வந்துவிட்டது. அதற்கு மேல் பாலம் அசையவில்லை. மூலையைத் தொட்ட செய்தி வந்தது, விலகிய பிறகும் தொட்டபடியே இருக்கிறது என்று செய்தி வருகிறது, இதில் ஏதோ சரியில்லை, நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை என்கிற பொருளில் திரையில் ஓர் எச்சரிக்கையைக் காட்டிவிட்டு அப்படியே நின்றது. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு நிற்கும் ஒன்றை நான் அன்றுதான் பார்த்தேன்.

சிவப்புப் பொத்தானை அழுத்தியிருந்தால் இயந்திரம் நின்றிருக்கும். ஆனால் விலகியிருக்காது. திருகுத்தண்டு நின்ற இடத்தில் பூட்டுப் போட்ட மாதிரி நிற்கும், கையும் உள்ளேயே இருந்திருக்கும். கை பொத்தானுக்கு மேல் போய்த் திரும்பிய அந்த இமைப்பொழுதில் என் கொழுந்தன் இதை எல்லாம் யோசித்து முடித்திருக்கிறார். ஒயர் அறுந்தால் சுவிட்சைத் தொட்டதாக இயந்திரம் நினைக்கும், தொட்டால் அது விலகும், விலகினால் கை வரும். அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இப்படி யோசிக்க ஒரு மனிதனால் எப்படி முடிந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. நினைக்கும்போதெல்லாம் மலைப்பாக இருக்கிறது.

அதன் பிறகு என் கணவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மணிக்கட்டில் எலும்பு முறிந்துள்ளது, ஆனால் நசுங்கவில்லை, விரல்கள் அசையும் என்று டாக்டர் சொன்னார். மயக்கம் தெளிந்து அவர் முதலில் கேட்டது தம்பி எங்கே என்றுதான். என் கொழுந்தன் நிலையத்தில் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல், "நான் சொன்னது நடந்துடுச்சு" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்வதாகவும், அதைக் குற்ற ஒப்புதலாகத் தாங்கள் எடுத்துக்கொள்வதாகவும் தெரிவித்தீர்கள். அது ஒப்புதல் இல்லை ஐயா. தன் வாயிலிருந்து வந்த சொல் பலித்துவிட்டதே என்று அவர் இடிந்துபோயிருக்கிறார். கையைக் காப்பாற்றியது தான்தான் என்பதே அவர் நினைவில் இல்லை.

அதன் பிறகு நேற்றுத் தாங்கள் பட்டறைக்கு வந்து, நான் சொல்வதைச் செய்து காட்டச் சொன்னீர்கள். என் நாத்தனாரும் வந்திருந்தார். சம்பவத்திலிருந்து அவர் என்னிடம் பேசுவதில்லை. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று அவரே எங்களுக்குச் சொன்னதுண்டு. அந்த நிலையில் அதை நான் அவருக்குத் திருப்பிச் சொல்லவில்லை. பிடுங்கிய ஒயரைத் திரும்ப முறுக்கி இணைத்தேன். மணிக்கட்டுக் கனத்தில் ஒரு மரத்துண்டை எடுத்துப் பாலத்துக்கும் பின்சட்டத்துக்கும் நடுவில் தொங்கவிட்டு ஹோமிங் கொடுத்தேன். தலை ஏறியது, இடப்பக்கம் தொட்டது, பிறகு பாலம் வந்து மரத்துண்டைக் கவ்விக்கொண்டு உறுமியது. தாங்களே சிவப்புப் பொத்தானை அழுத்தினீர்கள். உறுமல் நின்றது. மரத்துண்டு நகரவில்லை. உடன் வந்த காவலர் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார், வரவில்லை. மேஜையின் மேல் காலை ஊன்றி இழுத்தார், அப்போதும் வரவில்லை. நான் மோட்டாரின் மூடியைக் கழற்றித் தண்டைக் கையால் திருகி அதை விடுவிப்பதற்குள் அவர் சட்டை நனைந்துவிட்டது. மரத்துண்டின் இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்திருந்தது. என் நாத்தனார் அதை வாங்கி அந்தப் பள்ளத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

அதன் பிறகு அதே மரத்துண்டை வைத்து இரண்டாம் முறை ஹோமிங் கொடுத்தேன். பாலம் வந்து கவ்வியது. தாங்கள் ஒயரைப் பிடிக்கக் கை நீட்டினீர்கள். என் நாத்தனார் தங்களை விலக்கிவிட்டு, "நான் இழுக்கிறேன்" என்று சொல்லி ஒயரைப் பிடித்துப் பிடுங்கினார். உறுமல் நின்றது. பாலம் ஒரு விரற்கடை விலகியது. மரத்துண்டு தானாக நழுவித் தரையில் விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு அவர் திடுக்கிட்டார். அவர் விழுந்து கிடந்த மரத்துண்டைப் பார்த்தார், பிறகு பாலத்தைப் பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்தார். அதன் பிறகு தங்களைப் பார்த்துச் சொன்னார்:

"இப்ப என் கையிலயும் ஒயர் இருக்கு சார். என்னையும் கூட்டிட்டுப் போய் அவன் பக்கத்துல உட்கார வைங்க. இல்லன்னா அவனை விடுங்க."

நான் சொன்னது சொன்னபடியே எழுதப்பட்டுள்ளது. எழுத்தர் முழுவதையும் வாசித்துக் காட்டக் கேட்டேன். கூட்டியதும் குறைத்ததும் இல்லை. யாருடைய தூண்டுதலும் பயமும் இல்லாமல், கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டுமே கூறியுள்ளேன், அனைத்தும் உண்மை என்று உறுதி கூறிக் கையொப்பமிடுகிறேன். என் நாத்தனார் தன் புகாரைத் திரும்பப் பெற மனு எழுதிக்கொண்டு வெளியே பெஞ்சில் காத்திருக்கிறார் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

(ஒப்பம்)
வாக்குமூலம் அளித்தவர்